நூறு டாக்டர்கள், எண்பது மருந்துச் சீட்டுகள்

தாராவியில் சித்தப்பாவின் கோலியைக் காலி செய்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. ரேஷன் கார்டு, மதறாஸ் மெயில் டிக்கெட் ஒன்று, ஊரிலிருந்து வந்த இன்லண்டு கடிதங்கள், இவற்றுக்கெல்லாம் அடியில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. பிரித்துப் பார்த்தால் மருந்துச் சீட்டுகள். மொத்தம் பதினொன்று. ஐந்து டாக்டர்கள் எழுதியவை.

சித்தப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். 1987இல் இருமல் தொடங்கியது. 1990இல் காலமானார். "நெஞ்சுச் சளி" என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சீட்டுகளைப் பார்த்த பிறகுதான் அது டி.பி. என்று எங்கள் தலைமுறைக்கு ஐயமறத் தெரிந்தது. ஒரு சீட்டில் இரண்டு மருந்து, அடுத்ததில் நான்கு, மூன்றாவதில் ஒரு ஊசியும் டானிக்கும் மட்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒரு டாக்டர் எழுதியதை அடுத்த டாக்டர் பார்த்ததாகவும் தெரியவில்லை. ஐந்து பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களில் ஒருவர் பணம் வாங்காமல் ஊசி போட்டார் என்று சித்தி இன்றும் சொல்வாள். ஆனால் ஐந்து பேரும் ஐந்து தனித்தனித் தீவுகள். அவற்றுக்கு நடுவே நீந்தியே சித்தப்பா மூழ்கிப் போனார்.

இதை ஒரு குடும்பத்தின் தலைவிதி என்று நினைத்திருந்தோம். அப்படியல்ல என்று காட்டியது ஓர் ஆராய்ச்சி. சித்தப்பா போன மறு வருஷம், 1991இல், டாக்டர் முகுந்த் உப்ளேகரும் டொனால்டு ஷெப்பர்டும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பம்பாயில் ஏழை எளியவர்கள் வாழும் பகுதிகளில் தொழில் செய்த தனியார் டாக்டர்களிடம், காசநோயாளி ஒருவருக்கு என்ன எழுதிக் கொடுப்பீர்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். நூறு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது எண்பது விதமான வைத்தியம்! பெரும்பாலானவை பொருந்தாதவை, விலையும் அதிகம். படித்தபோது எனக்கு அந்தத் தகரப் பெட்டிதான் கண்ணில் நின்றது.

இருபது வருஷம் கழித்து, மாஹிம் இந்துஜா ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் நிபுணர் டாக்டர் ஜரீர் உத்வாடியா அதே கேள்வியைத் தாராவி டாக்டர்களிடம் மறுபடி கேட்டார். முதல் ஆராய்ச்சி செய்த உப்ளேகரும் இதில் உடனிருந்தார். 2010இல் முடிவு வெளிவந்தது. 106 டாக்டர்கள், 63 விதமான சீட்டுகள். சரியாக எழுதியவர்கள் ஆறு பேர். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு எப்படி எழுதுவது என்று கேட்டபோது, சரியாகச் சொன்னவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஏன் இப்படி? டாக்டர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். தாராவியில் ஒரு சந்தில் பத்துக்குப் பத்து அறையில் டிஸ்பென்சரி வைத்திருப்பவரின் நாற்காலியில் சற்று உட்கார்ந்து பாருங்கள். அவர் ஹோமியோபதியோ ஆயுர்வேதமோ படித்தவராக இருக்கலாம். வருகிறவர் தினக்கூலி. பையில் இருப்பது நூறு ரூபாய். எக்ஸ்ரே எடு, சளியைச் சோதி என்று சொன்னால் அடுத்த சந்து டாக்டரிடம் போய்விடுவார். "ஊசி போட்டு அனுப்புங்க சார், நாளைக்கு ட்யூட்டி இருக்கு." எனவே இரண்டு நாள் மருந்து. காய்ச்சல் தணிகிறது. அந்த நோயாளி பிறகு என்ன ஆனார் என்று அந்த டாக்டருக்குத் தெரியப் போவதில்லை. தெரியாததால் தன் சீட்டு தவறு என்றும் தெரியப் போவதில்லை.

காசநோய்க்கு முறையான வைத்தியம் ஒன்றும் ரகசியமல்ல. சாதாரண வகை என்றால் முதல் இரண்டு மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு, எதாம்புடால் என்ற நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். மொத்தம் ஆறு மாதம். கிருமி மந்தமாக வளர்வது. சில கிருமிகள் தூங்கிக் கிடக்கும். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அதற்கு அடங்காத கிருமிகள் மிஞ்சிப் பெருகும். நான்கையும் கொடுத்து இரண்டாம் மாதமே நிறுத்தினால் தூங்கியவை விழித்துக் கொள்ளும். நம்மவர்களில் பலர் நிறுத்துவது சரியாக அந்த இரண்டாம் மாதத்தில்தான். இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், கன்னம் கொஞ்சம் உப்பும். ஊரில் கொடை வேறு வந்துவிடும்.

2011 டிசம்பரில் டாக்டர் உத்வாடியாவும் அவருடன் பணியாற்றியவர்களும் நான்கு நோயாளிகளைப் பற்றிக் கடிதம் வெளியிட்டார்கள். சோதித்துப் பார்த்த மருந்து எதற்கும் அவர்களுடைய கிருமி அடங்கவில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அரசு மறுத்தது. உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரை ஏற்கவில்லை. பெயர் கிடக்கட்டும். அந்தக் கடிதத்தில் என்னை உலுக்கிய விவரம் வேறு. நால்வரில் மூவர் பதினெட்டு மாதங்களில் சராசரியாக நான்கு தனியார் டாக்டர்களிடம் போய்வந்தவர்கள். மறுபடியும் தீவுகள்.

சேத்துப்பட்டில் நடந்த கதை

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒரு கதை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. உலகம் முழுவதும் டாக்டர்கள் பாடமாகப் படிக்கும் அந்தக் கதை நம் வீடுகளில் அவ்வளவாகத் தெரியாது என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

1950களில் க்ஷயரோகம் என்றாலே சானடோரியம். மலைக்காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. வசதி உள்ளவர்களுக்குச் சரி. ரிக்ஷா இழுப்பவனுக்கும் சித்தாளுக்கும் அது எட்டாக் கனி. இடம் கிடைத்தாலும் குடும்பத்தை யார் பார்ப்பது? அப்போது மாத்திரைகள் வரத் தொடங்கியிருந்தன. மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் என்ன என்று ஒரு கேள்வி எழுந்தது. வீட்டிலிருந்தால் நோய் குணமாகுமா, கூட இருப்பவர்களுக்கு ஒட்டிக் கொள்ளாதா என்பது டாக்டர்களின் பயம்.

இதைச் சோதித்துப் பார்க்க 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார். 193 நோயாளிகள். அத்தனை பேரும் சென்னையின் நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஏழைகள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்பாருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

வீட்டுக்கு அனுப்பியதோடு கைகழுவிவிடவில்லை என்பதுதான் விஷயம். சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். முன்னறிவிப்பில்லாமல் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் பிடித்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் மெத்தையில் படுத்து நன்றாகச் சாப்பிட்டவர்களும், குடிசையில் இருந்தபடி கிடைத்ததைச் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்திருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் பிள்ளைகளுக்கும் மனைவிமார்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றிவிடவும் இல்லை.

இந்த ஒரு முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. நாடு நாடாகச் சானடோரியங்கள் மூடப்பட்டன. வாரம் இரண்டு முறை டாக்டர் கண்ணெதிரில் மருந்து கொடுக்கும் முறையையும் சென்னை மையமே அடுத்து ஆராய்ந்து காட்டியது. பிற்காலத்தில் டாட்ஸ் என்று உலகெங்கும் பரவிய முறைக்கு வேர் இங்கே இருக்கிறது. இன்று அந்த மையத்தின் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சேத்துப்பட்டு வழியாகப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

நோயாளியை மையமாக வைத்த மருத்துவம் என்று இப்போது கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். அந்தச் சொற்கள் புழக்கத்துக்கு வருமுன்னரே நடந்த காரியம் இது. நோயாளி எங்கே இருக்கிறாரோ அங்கே மருத்துவம் போகலாமா என்று கேட்டார்கள். கேட்டு, நான்கு அமைப்புகள் கணக்கையும் கையெழுத்தையும் பகிர்ந்து கொண்டு விடை கண்டார்கள்.

ஆனால் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். சாப்பாடு குறைவாக இருந்தவர்களும் குணமானார்கள் என்ற முடிவை, சாப்பாடு முக்கியமே இல்லை என்று பலர் எடுத்துக் கொண்டு விட்டார்கள். பல வருஷம் நோயாளியின் வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதே சென்னை நிறுவனமும், டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் சேர்ந்து ஜார்க்கண்டில் நடத்திய ஆராய்ச்சிதான் 2023இல் இதை நேராக்கியது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உறவினர்களைப் பார்த்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் உறவினர்களுக்கும் அரிசி, பருப்பு என்று மாதந்தோறும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வந்தது 39 சதவீதம் குறைவு. மருந்தல்ல, தடுப்பூசியல்ல, அரிசியும் பருப்பும்!

மறுபடி மும்பைக்கு

சென்னையில் ஒரே மையம், எண்ணிய நோயாளிகள், சம்பளம் வாங்கும் பணியாளர்கள். மும்பை அப்படியல்ல. இங்கே இருமல் வந்தவர் முதலில் போவது மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு அல்ல, தெருமுனை டாக்டரிடம். அந்த டாக்டரை ஒதுக்கி வைத்துவிட்டு எந்தத் திட்டமும் இங்கே ஓடாது. இது புரிவதற்கே அரசாங்கத்துக்கு ரொம்ப நாள் பிடித்தது. 2012 மே மாதம்தான், காசநோயாளி யார் வந்தாலும் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

2014இல் மும்பையில் வேறொரு முயற்சி தொடங்கியது. மாநகராட்சியும் பாத் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து தனியார் டாக்டர்கள், சோதனைக் கூடங்கள், மருந்துக் கடைகள் ஆகியவற்றை ஒரே வலையில் கோத்தார்கள். ஹோமியோபதி டாக்டர் சந்தேகப்பட்டால் மேல்படிப்புப் படித்த டாக்டரிடம் அனுப்புவார். நோயாளியின் கையில் ஒரு வவுச்சர் எண் இருக்கும். அதைக் காட்டினால் மருந்துக் கடையில் மாத்திரை இலவசம். யாராவது மருந்து வாங்க வராவிட்டால் அது ஓரிடத்தில் தெரிந்துவிடும், போன் வரும். டாக்டரும் நோயாளியை இழக்கவில்லை, நோயாளியும் டாக்டரை இழக்கவில்லை. அதே முயற்சி பாட்னாவிலும் நடந்தது. இரண்டு நகரங்களிலும் தனியார் டாக்டர்கள் தெரிவித்த நோயாளிகளின் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது.

இதோடு சேர்ந்து நடந்த ஒரு சோதனையைச் சொன்னால் சிரிப்பு வரும், பிறகு சிரிப்பு அடங்கிவிடும். ஜிஷ்ணு தாஸ், மதுகர் பை முதலான ஆராய்ச்சியாளர்கள் 24 பேருக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மதுகர் பை நம் வேலூரில் படித்தவர், இப்போது கனடாவில் பேராசிரியர். நடிகர்கள் மும்பையிலும் பாட்னாவிலும் 1,203 இடங்களில் டாக்டர்களைப் பார்த்தார்கள். இருமல், காய்ச்சல் என்று மனப்பாடம் செய்ததையே எல்லாரிடமும் சொன்னார்கள். 2,602 முறை இப்படிப் போய்வந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான் சரியான கவனிப்பு கிடைத்தது. டாக்டர்களுக்குத் தெரிந்தது ஒன்று, செய்வது வேறு என்பது வெட்ட வெளிச்சமாயிற்று.

மருந்துக் கடைகளிலும் இதேபோல் போய்ப் பார்த்தார்கள். தில்லி, மும்பை, பாட்னா மூன்றிலும் சேர்த்து 622 கடைகள். சீட்டில்லாமல் காசநோய் மருந்தை எடுத்துக் கொடுத்த கடை ஒன்றுகூட இல்லை! கடைக்காரர்களைப் பற்றி நாம் நினைத்திருந்தது தப்பு. (வேறு ஆன்டிபயாட்டிக்குகளைத் தாராளமாகக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.) நேரில் போய்ப் பார்க்காமல் யாரைப் பற்றியும் சொல்லக் கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

நேரில் போய்ப் பார்த்தால் நம் ஆசைக்கு எதிரான விடையும் வரும். சயான் ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவராக இருந்த டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் அங்கே தாய்ப்பால் வங்கியை ஏற்படுத்தியவர். ஆசியாவிலேயே முதலாவது அது. நம் தாராவிக் குழந்தைகள் எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருப்பார்கள். 1999இல் அவர் சிநேகா என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். (சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கு இருக்கும் சிநேகா வேறு.) லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் மாநகராட்சியும் சிநேகாவும் சேர்ந்து மும்பையின் 48 குடிசைப் பகுதிகளில் ஓர் ஆராய்ச்சி செய்தன. பாதிப் பகுதிகளில் பெண்கள் குழுக்களாகக் கூடி, பிரசவம், பச்சைக் குழந்தை பற்றிப் பேசுவார்கள். கிராமங்களில் இப்படிச் செய்ததால் சிசு மரணம் குறைந்திருந்தது. மும்பையிலும் குறையும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. 2012இல் அதை அப்படியே அச்சிட்டு வெளியிட்டார்கள்.

நான் இதைப் பெரிய காரியமாக நினைக்கிறேன். நம் சங்கங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களின் அறிக்கைகளைப் பாருங்கள். "ஐந்நூறு பேர் பயனடைந்தனர்" என்றுதான் எழுதுவோம். அந்த ஐந்நூறில் எத்தனை பேர் சொன்ன மருந்தைச் சாப்பிட்டார்கள், யார் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஆறு மாதம் கழித்து யாரும் விசாரிப்பதில்லை. நானும் இரண்டு முகாம்களில் பெயர் எழுதும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நோட்டு எங்கே போயிற்று என்று எனக்கே தெரியாது.

நோயாளியின் நாற்காலி

மேற்சொன்ன வலைகளிலெல்லாம் டாக்டர் உண்டு, கார்ப்பரேஷன் உண்டு, பல்கலைக்கழகம் உண்டு. நோயாளி எங்கே? கேள்விக்குப் பதில் சொல்பவராக, எண்ணிக்கையில் ஒருவராக மட்டும்தானா?

மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனை வாசகர்கள் பலர் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். பரதநாட்டியம் பயின்றவர், பத்திரிகையாளர். குடலில் காசநோய் இரண்டு முறை வந்தது. 2013இல் சிகிச்சையின்போது போட்ட ஊசி மருந்தின் பக்க விளைவால் காது கேட்கும் சக்தியைப் பெருமளவு இழந்தார். தாளம் காதில் விழாத நிலையிலும் திரும்ப மேடையேறி ஆடினார். அதோடு நிற்கவில்லை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் புதிதாக வந்த பெடாகுயிலின் என்ற மாத்திரை இருக்கிறது. காதைக் கெடுக்கும் ஊசிக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடியது. அதன் காப்புரிமையை இந்தியாவில் மேலும் நீட்டிக்க ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் விண்ணப்பித்தது. தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே என்பவரும் இதே நோய்க்கான மருந்தால் காது கேட்கும் திறனை இழந்தவர். இருவரும் சேர்ந்து 2019இல் ஆட்சேபனை மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. இரண்டு நோயாளிகள், இரண்டு கண்டங்கள்! 2024 செப்டம்பரில், பெடாகுயிலினும் சேர்ந்த, ஊசியே இல்லாத ஆறு மாதச் சிகிச்சைக்கு இந்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

தாராவியில் தெரு டாக்டர்களின் மதிப்பு உயர்ந்த ஒரு சந்தர்ப்பமும் வந்தது. 2020 ஏப்ரல் முதல் தேதி அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது, இனி தாராவி அவ்வளவுதான் என்று ஊரெல்லாம் பேசியது. மாநகராட்சி அங்கே தொழில் செய்யும் தனியார் டாக்டர்களையே துணைக்கு அழைத்தது. கவச உடையில் அவர்கள் சந்து சந்தாகப் போனார்கள். வெளியாளுக்குத் திறக்காத கதவு "நம்ம டாக்டர்" என்றதும் திறந்தது. 63 விதமாகச் சீட்டு எழுதியவர்கள் என்று பேரெடுத்த அதே வகை டாக்டர்கள்தான். ஒரு வலையில் சேர்த்ததும் அவர்களே முதுகெலும்பானார்கள்.

செம்பூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம். கோவண்டி, மான்குர்டு பக்கம் குடிசைகளிலிருந்து மாற்றப்பட்டவர்களுக்காகக் கட்டிய அடுக்கு மாடிகள் இருக்கின்றன. லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு என்றால் தெரியும். டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற அமைப்பின் டாக்டர்களும் பவாய் ஐ.ஐ.டி. பொறியாளர்களும் சேர்ந்து அங்கே ஆராய்ந்தார்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே மூன்று மீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தளங்களில் வெயில் எட்டிப் பார்ப்பதில்லை, காற்று அசைவதில்லை. காசநோய் மிகுந்தது அங்கேதான். டாக்டர் மட்டும் போயிருந்தால் மாத்திரை எழுதிக் கொடுத்து வந்திருப்பார். பொறியாளர் கூடப் போனதால் சுவரை அளந்தார்கள்.

தாராவி சீரமைப்புத் திட்டம் நடந்து கொண்டிருக்கும் இந்த நாட்களில் இதை நாம் படிக்க வேண்டும். சிலருக்குத் தாராவியிலேயே வீடு, மற்றவர்களுக்கு வேறிடம் என்கிறார்கள். தேவனார் குப்பைமேட்டு நிலமும் 2024இல் அதற்காக ஒதுக்கப்பட்டது. எத்தனை சதுர அடி என்று நம்மவர்கள் கூட்டங்களில் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஜன்னலுக்கு எதிரே எத்தனை அடி தூரத்தில் அடுத்த கட்டடம் என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். சித்தி இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். பேத்தி மாட்டுங்காவில் கல்லூரி படிக்கிறாள். போன வருஷம் அவளுக்கு மூன்று வாரமாக இருமல். சிரப் வாங்கிக் கொடுத்த மருமகளிடம் சித்தி ஒரு நாள் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். மறுநாள் சளியைச் சோதித்தார்கள். இயந்திரத்தில் வைத்து அன்றே சொல்லிவிட்டார்கள். டி.பி.தான். நல்லவேளையாக மருந்துக்கு அடங்கும் வகை.

உறவில் ஒருவர், பெயரைப் பதியாமல் தனியாக வைத்தியம் பார்த்துக் கொள்ளலாமே, நாளைக்குக் கல்யாணப் பேச்சு என்று வந்தால் என்ன செய்வது என்றார். நம் வீடுகளில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. சித்தி அவருக்குப் பதில் சொல்லவில்லை. பதிவு செய்ய வந்த பணியாளரிடம் சொன்னாள்: "பேர எழுதிக்கிடுங்கய்யா. இவ தாத்தா பேர ஒருத்தரும் எழுதல."

பதிந்ததும் நிக்ஷய் எண் ஒன்று கொடுத்தார்கள். மே மாதம் ஊருக்குப் போனாலும் அந்த எண்ணைக் காட்டி அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக் கொள்ளலாம். சித்தப்பா காலத்தில் இது இருந்திருந்தால், கொடைக்குப் போனவர் மருந்தில்லாமல் ஒன்றரை மாதம் இருந்திருக்க மாட்டார். சாப்பாட்டுக்கென்று மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். முதல் தவணை தாமதமாகத்தான் வந்தது. 2024 தொடக்கத்தில் நாட்டின் பல இடங்களில் மாத்திரையே தட்டுப்பாடு என்று செய்தி வந்ததை நினைத்து, மருமகள் ஒவ்வொரு முறையும் டப்பாவை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவாள். வீட்டில் மற்றவர்களையும் சோதித்தார்கள். யாருக்கும் இல்லை.

சமையலறைச் சுவரில் காலநிர்ணய் காலண்டர் தொங்குகிறது. காலையில் பேத்தி மாத்திரை விழுங்கியதும் சித்தி அந்தத் தேதியில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். எழுதப் படிக்கத் தெரியாது, கோடு எண்ணத் தெரியும். நூற்று அறுபத்தெட்டு நாள் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக் கொண்டிருந்தாள். நான் போயிருந்த அன்று நூற்று நாற்பதாவது கோடு.

"இன்னும் இருபத்தெட்டு" என்றாள் சித்தி, பென்சிலைக் காலண்டர் ஆணியில் செருகிவிட்டு.